மோட்டார் ஓடுது, தண்ணி வருதா?

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சங்கச் செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "எதையாவது உபயோகமாகச் சொல்லுங்க, ஆனா போரடிக்காமச் சொல்லுங்க" என்றார். இரண்டும் சேர்ந்து வருவது கஷ்டம். அதனால் சாதனை ஏதும் சொல்லப் போவதில்லை. என் வீட்டில் நானே செய்து வைத்த ஒரு கருவி எப்படி என்னைக் கைவிட்டது, அதிலிருந்து நான் என்ன கற்றுக் கொண்டேன் என்பதைச் சொல்கிறேன். தோற்ற கதை என்றால் மாணவர்கள் கொஞ்சம் கவனித்துக் கேட்பார்கள் என்பது என் அனுபவம்.

கருவி இதுதான். டி.வி. நிகழ்ச்சிகளைத் தானாகப் பதிவு செய்து வைக்கும் ஒரு பெட்டி. பதிவு தொடங்கினால், முடிந்தால், அது என் செல்போனுக்கு ஒரு செய்தி அனுப்பும். புஷ் நோட்டிபிகேஷன் என்கிறோமே, அது.

டெக் காலம்

என் வயதுக்காரர்களுக்கு டி.வி.யைப் பதிவு செய்வது என்றால் 'டெக்'தான் ஞாபகம் வரும். சோனியின் பீட்டாமேக்ஸ் 1975-லும் ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ். 1976-லும் ஜப்பானில் வந்தன. நம் ஊருக்கு வந்து சேர இன்னும் சில வருஷம் ஆனது. கல்யாண வீட்டிலும் திருவிழா சமயத்திலும் டெக்கை வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்தவர்கள் இந்த அரங்கத்தில் பாதிப் பேர் இருப்பீர்கள்.

அந்த டெக்கில் டைமர் என்று ஒன்று உண்டு. இத்தனை மணிக்குத் தொடங்கு, இத்தனை மணிக்கு நிறுத்து என்று சொல்லி வைக்கலாம். ஆனால் நடுவில் கரண்ட் போய் வந்தால் முகப்பில் 12:00 என்று கண் சிமிட்டிக் கொண்டு நிற்கும். டைமர் போச்சு. நிகழ்ச்சியும் போச்சு. அது எப்போது தெரியும்? ஆசையாக வந்து கேசட்டைப் போட்டுப் பார்க்கும்போதுதான் தெரியும்.

இன்னொரு சிக்கல், நிகழ்ச்சி சொன்ன நேரத்துக்குத் தொடங்காது. மேற்கு ஜெர்மனியில் இதற்கு 1985-லேயே ஒரு வழி செய்தார்கள். வி.பி.எஸ். என்று பெயர். நிகழ்ச்சி உண்மையில் தொடங்கும்போது, கண்ணுக்குத் தெரியாத ஒரு குறிப்பை ஒளிபரப்போடு சேர்த்து அனுப்புவார்கள். டெக் கடிகாரத்தைப் பார்க்காமல் அந்தக் குறிப்பைப் பார்த்துத் தொடங்கும். நாங்கள் முன்னும் பின்னும் பத்து நிமிஷம் கூட்டி வைத்துச் சமாளித்தோம்.

பிறகு அமெரிக்காவில் 1999-ல் டிவோ வந்தது. கேசட் போய் ஹார்டு டிஸ்க் வந்தது. இந்தியாவில் 2008-ல் டாடா ஸ்கை பிளஸ் வந்தது. அந்தக் கம்பெனியின் பெயர் 2022-ல் டாடா பிளே என்று மாறியது. இதற்கெல்லாம் இணையாக, சொந்தக் கணினியிலேயே பதிவுப் பெட்டி செய்து கொள்ளும் இலவச மென்பொருள்களும் வளர்ந்தன. மித்டிவி 2002-ல் தொடங்கியது. நான் பயன்படுத்துவது டிவிஹெட்எண்ட்.

வீட்டில் பதிவு செய்வது தப்பில்லையா என்று ஒரு தம்பி காலையில் கேட்டார். நல்ல கேள்வி. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-ல் சோனி வழக்கில், பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது நியாயமான பயன்பாடே என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. நம் நாட்டில் 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, ஒளிபரப்பைத் தன் சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்வதை உரிமை மீறல் அல்ல என்கிறது. சொந்த உபயோகம் என்ற இரண்டு வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. விற்கவோ ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டவோ அதில் இடமில்லை.

என் பெட்டி

துடியலூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு டிஷ். தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவைக்காகக் கிழக்கே 93.5 பாகையில் உள்ள செயற்கைக்கோளைப் பார்த்து வைத்தது. கீழே ஒரு பழைய கணினி, அதில் சாட்டிலைட் ட்யூனர் கார்டு, ஒரு டெராபைட் டிஸ்க். சாதாரணத் தரத்தில் ஒரு சேனல் நொடிக்கு 4 மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜி.பி. ஆகும். ஒரு டெராபைட்டில் சுமார் 550 மணி நேரம் பிடிக்கும். அம்மாவுக்குப் பாட்டுக் கச்சேரி, அப்பாவுக்கு விவசாய நிகழ்ச்சி. நான் வேலைக்காகப் பெங்களூரில் இருந்தேன்.

செய்தி அனுப்பும் ஏற்பாடு எளிதுதான். பதிவு தொடங்கும்போதும் முடியும்போதும் நாம் சொல்கிற ஒரு சிறு நிரலை டிவிஹெட்எண்ட் ஓட்டும். அந்த நிரல் ஒரு செய்திச் சேவைக்கு ஒரு வரி எழுதி அனுப்பும். அது என் போனில் மணியடிக்கும்.

மாணவர்களுக்காக இதன் உள்வேலையைக் கொஞ்சம் சொல்லி விடுகிறேன். தபால் வந்திருக்கா என்று மணிக்கொரு தரம் தபால் ஆபீசுக்கு நடப்பது ஒரு முறை. தபால்காரர் வீடு தேடி வருவது இன்னொரு முறை. இரண்டாவதுதான் புஷ். போனில் உள்ள நூறு ஆப்களும் தனித்தனியாகக் கேட்டுக் கொண்டிருந்தால் பேட்டரி மதியத்துக்குள் தீர்ந்து போகும். அதனால் போன், ஆப்பிள் அல்லது கூகுள் கம்பெனியின் சர்வரோடு ஒரே ஒரு இணைப்பைத் திறந்து வைத்திருக்கும். எல்லா ஆப்களின் செய்தியும் அந்த ஒரே வாய்க்காலில்தான் வரும். ஆப்பிள் 2009-ல் இதைத் தொடங்கியது, கூகுள் 2010-ல். தொடக்கத்தில் ஆப்பிள் ஒரு செய்திக்கு 256 பைட்தான் கொடுத்தது. யூனிகோடில் தமிழ்க் குறியீடு ஒன்று 3 பைட். 'கொ' என்று எழுதினால் 6 பைட். கணக்குப் போட்டால் நம் மொழியில் 85 குறியீடு கூடத் தேறாது. இன்றைக்கு அந்த அளவு 4 கிலோபைட்.

முக்கியமான விஷயம், இந்தச் செய்தி கட்டாயம் போய்ச் சேரும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. முயற்சி செய்வோம் என்றுதான் சொல்கிறார்கள். ஆண்ட்ராய்டில் 2015-ல் ஆறாம் பதிப்பு வந்த பிறகு, அசையாமல் கிடக்கும் போன் ஒருவிதத் தூக்கத்துக்குப் போய்விடும். அவசரம் என்று குறிக்காத செய்தி அது விழிக்கும் வரை காத்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

2017-ல் எங்கள் அப்பாவைப் பேட்டி எடுக்க டி.வி.யில் இருந்து வந்தார்கள். எங்கள் தோட்டத்தில் சொட்டுநீர் போட்டுச் சின்ன வெங்காயம் எடுத்ததைப் பற்றி. அப்பா வெள்ளை வேட்டி சட்டையோடு வரப்பில் நின்று பேசியதை ஊரே பார்த்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒளிபரப்பாகும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்றைக்குக் கோபிச்செட்டிபாளையத்தில் நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம். அப்பா, அம்மா, நான் எல்லோரும் அங்கே. "நீ பெட்டியில சொல்லி வெச்சிருக்கறல்ல கண்ணு, வந்து நிம்மதியாப் பாத்துக்கலாம்" என்று அப்பா சொல்லிவிட்டார். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது என் போன் அடித்தது. 'பதிவு தொடங்கியது'. அரை மணி கழித்து மறுபடி அடித்தது. 'பதிவு முடிந்தது'. பக்கத்து இலையில் இருந்த மாமாவிடம் காட்டிப் பெருமைப்பட்டேன்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்து, சொந்தபந்தம் பத்துப் பதினைந்து பேரை உட்கார வைத்துப் போட்டேன். கறுப்புத் திரை. ஒன்றுமே இல்லை. மாடியில் போய்ப் பார்த்தால், காய்ந்த தென்னை மட்டை ஒன்று டிஷ் மேல் விழுந்து ஒயரைப் பிடுங்கிப் போட்டிருந்தது. முந்தின நாள் ராத்திரி காற்று.

எனக்கு அழுகை வராத குறை. அப்பாதான் சிரித்தார். சிரித்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார்: "மோட்டார் ஓடுதுன்னு சொன்னாப் போதுமா கண்ணு? தண்ணி வருதான்னு யாரு பாக்கறது?"

நண்பர்களே, நான் இந்தக் கல்லூரியில் படித்ததையும், பிறகு வேலையில் கற்றதையும் சேர்த்து அந்த ஒரு கேள்விக்குள் அடக்கிவிடலாம் என்று இன்றைக்கு நினைக்கிறேன்.

என் பெட்டி பொய் சொல்லவில்லை. பதிவு தொடங்கியது உண்மை. முடிந்ததும் உண்மை. ஆனால் அது தான் செய்த வேலையைச் சொன்னதே தவிர, எனக்கு வேண்டிய காரியம் நடந்ததா என்று சொல்லவில்லை. சொல்லும்படி நான் அதை எழுதவில்லை.

தோட்டத்தில் இருந்த விடை

விடை எங்கள் மோட்டார் ரூமிலேயே இருந்தது. நம் பக்கத்து விவசாயிகளுக்கு அலர்ட் என்பது புதிதல்ல. த்ரீ பேஸ் கரண்ட் முறை வைத்து ராத்திரியில் வந்த காலத்தில், மோட்டார் ரூமில் ஒரு பல்பைப் போட்டு வைத்து, அது எரிகிறதா என்று திண்ணையில் இருந்து பார்த்துக் கொண்டிருந்தோம். பிறகு ஆட்டோ ஸ்டார்ட்டர் வந்தது. அதற்குப் பிறகு சிம் கார்டு போட்ட ஸ்டார்ட்டர். கரண்ட் வந்தால் நமக்குப் போன் போடும், நாம் போன் போட்டால் மோட்டாரை ஓட்டும்.

அப்பா அதைக் கூட முழுசாக நம்ப மாட்டார். ஸ்டார்ட்டர் பெட்டியில் ஆம்ப்ஸ் முள்ளைப் பார்ப்பார். தண்ணீரைத் தூக்குகிற மோட்டார் அதற்குரிய ஆம்ப்ஸ் இழுக்கும். கிணறு வற்றி வெறுமனே சுற்றினால் முள் இறங்கிவிடும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டாரை நிறுத்துகிற கருவிகளில் பல, இந்த ஆம்ப்ஸ் குறைவதை வைத்துத்தான் வேலை செய்கின்றன.

நம் மில்களிலும் இதே கதைதான். டிரா பிரேமில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். ஸ்லைவர் அறுந்தால் மெஷின் தானாக நிற்கும், விளக்கு எரியும். ஒழுங்காக ஓடுகிற மெஷினுக்கு விளக்கு எரிவதில்லை. அறுந்த இடத்தைத்தான் அது காட்டும். ஆள் நேராக அங்கே போவார்.

இதை வைத்து என் பெட்டியைத் திருத்தினேன். மூன்று திருத்தம்.

முதலாவது, ஆம்ப்ஸ் முள். பதிவு தொடங்கி ஐந்து நிமிஷம் கழித்து பைல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று ஒரு நிரல் பார்க்கும். நொடிக்கு 4 மெகாபிட் என்றால் ஐந்து நிமிஷத்தில் 150 எம்.பி. இருக்க வேண்டும். அதில் பாதி கூட இல்லையென்றால் உடனே எனக்குச் செய்தி. அதோடு, முக்கியமான பதிவு என்றால் முந்தின நாளே டிஸ்க்கில் இடம் இருக்கிறதா, டிஷ்ஷில் சிக்னல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும். நிகழ்ச்சி முடிந்த பிறகு "பதிவாகவில்லை" என்று சொல்லி என்ன பிரயோஜனம்? கை கொடுக்க நேரம் இருக்கும்போது சொல்வதுதான் அலர்ட். அப்புறம் சொல்வது துக்கச் செய்தி.

இரண்டாவது திருத்தத்தை என் மனைவிதான் செய்ய வைத்தார். அந்தத் தோல்விக்குப் பிறகு எனக்குப் பயம் வந்து, எல்லாவற்றுக்கும் செய்தி வைத்துவிட்டேன். டிஸ்க்கின் சூடு, சிக்னல் அளவு, தொடங்கியது, பாதி முடிந்தது என்று ஒரு நாளைக்கு நாற்பது. மனைவியின் போனுக்கும் அனுப்பினேன். "ஏனுங்க, இந்தப் பெட்டி தும்முனாக் கூட எனக்குச் சொல்லோணுமா?" என்று அவர் ஒரே அமுக்கில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். நானும் பார்ப்பதை விட்டுவிட்டேன். டிஸ்க் நிரம்பியது என்ற உண்மையான செய்தி அந்த நாற்பதில் ஒன்றாக வந்து, பார்க்கப்படாமலே போனது. புலி வருது கதைதான். கதையில் பையன் பொய் சொன்னான். என் பெட்டி நிஜத்தையே நாற்பது தரம் சொல்லி அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன். செய்தியைப் படித்ததும் ஒருவர் எழுந்து செய்ய வேண்டிய வேலை ஏதாவது இருந்தால்தான் மணி அடிக்க வேண்டும். மற்றதெல்லாம் லாக் பைலில் கிடக்கட்டும். இதனால்தானோ என்னவோ, ஆண்ட்ராய்டிலும் 2022-ல் வந்த பதின்மூன்றாம் பதிப்பிலிருந்து, புதிதாகப் போடும் ஆப் செய்தி அனுப்புவதற்கு முன் நம் அனுமதியைக் கேட்டாக வேண்டும்.

மூன்றாவதுதான் கஷ்டமானது. வீட்டில் கரண்ட் போனால்? இன்டர்நெட் அறுந்தால்? பெட்டியே செத்துப் போனால்? செத்தவன் வந்து நான் செத்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. அமைதியாக இருந்தால் எல்லாம் நலம் என்று நான் நினைத்துக் கொள்வேன்.

இதற்கு விடை பால் சொசைட்டியில் இருக்கிறது. தினமும் காலையில் பால் ஊற்றுகிறவர் ஒரு நாள் வரவில்லை என்றால், மறுநாள் அவரைக் கண்டதும் கேட்பார்கள்: "ஏனுங்க, மாடு சுகமில்லீங்களா?" வந்த அன்றைக்கெல்லாம் யாரும் எதுவும் கேட்பதில்லை. வராததைத்தான் கவனிக்கிறார்கள். அதே மாதிரி, என் பெட்டி மணிக்கொரு தரம் வெளியில் உள்ள இன்னொரு கணினிக்கு 'இருக்கேன்' என்று ஒரு வார்த்தை அனுப்பும். அந்த வார்த்தை இரண்டு தரம் வராவிட்டால், வெளியில் உள்ள கணினி எனக்கு மணியடிக்கும். மின்சார ரயிலில் ஓட்டுநர் ஒரு கைப்பிடியை அமுக்கிக் கொண்டே இருக்க வேண்டும், கையை எடுத்தால் வண்டி நின்றுவிடும் என்று படித்திருப்பீர்கள். அதே தத்துவம்தான்.

டேப் மாற்றிய அம்மையார்

அமெரிக்காவில் பிலடெல்பியாவில் மரியன் ஸ்டோக்ஸ் என்று ஒரு அம்மையார் இருந்தார். முன்பு நூலகராக வேலை பார்த்தவர். 1970-களின் கடைசியில் தொடங்கி 2012 டிசம்பரில் அவர் இறக்கும் வரை, டி.வி. செய்திகளை இரவு பகலாகப் பல டெக்குகளில் பதிவு செய்தார். சேர்ந்த டேப்புகள் எழுபதாயிரத்துக்கு மேல். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் டேப் மாற்ற வேண்டும் என்பதால், குடும்பத்தோடு வெளியில் சாப்பிடப் போனால் கூடப் பாதியில் எழுந்து வருவார்களாம். அந்த டேப்புகள் பிறகு இன்டர்நெட் ஆர்க்கைவ் அமைப்புக்குப் போய்ச் சேர்ந்தன.

இன்னொரு பக்கம் நாசாவைப் பாருங்கள். 1969-ல் நிலவில் மனிதன் கால் வைத்த காட்சியின் மூல டேப்புகளைத் தேடித் தேடிக் கடைசியில் 2009-ல், அவை அழிக்கப்பட்டு வேறு வேலைக்கு உபயோகிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று சொன்னார்கள். ஒளிபரப்பான காட்சி மற்ற இடங்களில் இருந்ததால் பிழைத்தது.

அவ்வளவு பெரிய நிறுவனம் தவறவிட்டது. ஒரு தனி அம்மையார் தவறவிடவில்லை. காரணம் கருவி அல்ல. டேப் ஓடுகிறதா என்று அவர் தினமும் கண்ணால் பார்த்தார். அலர்ட் என்று நாம் செய்வதெல்லாம், அந்தப் பார்வையைக் கொஞ்சம் இயந்திரத்திடம் ஒப்படைக்கிற முயற்சி. எதை ஒப்படைக்கிறோம், எதை விட்டுவிடுகிறோம் என்று தெரிந்து ஒப்படைக்க வேண்டும்.

கடைசியாக

அப்பா 2019-ல் காலமாகிவிட்டார். அந்தப் பேட்டி எங்களிடம் இல்லை. ஆனால் அன்றைக்கு அன்னூரில் எங்கள் சித்தி டி.வி. முன்னால் உட்கார்ந்து, திரையைத் தன் செல்போனில் படம் பிடித்திருக்கிறார். நாற்பது விநாடி. படம் ஆடுகிறது, நடுவில் குக்கர் விசில் கேட்கிறது. அப்பா பேசுவது பாதிதான் புரியும். எங்கள் வீட்டில் இருக்கும் 550 மணி நேரப் பதிவையும் கொடுத்தாலும் அந்த நாற்பது விநாடிக்கு ஈடாகாது. சித்திக்கு எந்த அலர்ட்டும் வரவில்லை. அவர் பார்த்துக் கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

போன வருஷம் ஒரு காலையில் பெங்களூரில் எனக்குச் செய்தி வந்தது: 'பைல் வளரவில்லை'. பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டேன். மாடிக்கு ஏறிப் போய், "அண்ணா, மறுபடியும் மட்டைதான்" என்று எடுத்துப் போட்டார். ஏழு நிமிஷம்தான் போனது. அம்மாவின் கச்சேரி தப்பியது. மறுநாள் தென்னை மரத்துக்கு ஆள் விட்டு மட்டையெல்லாம் கழித்துவிட்டோம். அதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்று அம்மா சொன்னார். சரிதான்.

தம்பி தங்கைகளே, நீங்கள் நாளைக்கு ஆஸ்பத்திரிக்கும் அணைக்கட்டுக்கும் ரயிலுக்கும் அலர்ட் எழுதப் போகிறீர்கள். அங்கே போவது ஒரு டி.வி. நிகழ்ச்சியாக இருக்காது. எழுதுவதற்கு முன்னால் எங்கள் அப்பா கேட்ட கேள்வியை ஒரு தரம் கேட்டுக் கொள்ளுங்கள். மோட்டார் ஓடுகிறது என்று சொல்கிறோமா, தண்ணீர் வருகிறது என்று சொல்கிறோமா?

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரில் அம்மா அப்பா தனியாக இருந்தால், போன் வரவில்லை, அதனால் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று இருந்துவிடாதீர்கள். தினமும் ஒரு நேரம் வைத்துப் பேசுங்கள். ஒரு நாள் எடுக்கவில்லை என்றால் போய்ப் பார்க்க, பக்கத்தில் ஒருவரைச் சொல்லி வையுங்கள்.

மத்தியானச் சாப்பாட்டு மணி இன்னும் அடிக்கவில்லை. அடிக்காததாலேயே சமையல் ஆகவில்லை என்று அர்த்தமில்லை. யாராவது போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.